கருத்துக் கேட்பு அறிவிப்பு வந்தால் எந்தக் கட்டத்தில், எந்த வழியில் பேசினால் எடுபடும்?

வாசற்படி கேட்கிறார்:

ஓர் அரசுத் துறையோ உள்ளாட்சி அமைப்போ திட்ட வரைவை வெளியிடுகிறது. "பொதுமக்கள் 30 நாட்களுக்குள் கருத்துத் தெரிவிக்கலாம்" என்று கடைசியில் ஒரு வரி. அதற்கப்புறம் எங்கும் ஏறக்குறைய ஒரே கதைதான். ஒரே கடிதத்தை நகலெடுத்து ஆயிரம் பேர் அனுப்புவார்கள், ஒரு கூட்டம் நடக்கும், மைக்குக்கு அடிதடி, வரைவு எப்படி இருந்ததோ அப்படியே இறுதி ஆணையாகிவிடும்.

வாக்களிப்பது, கட்சியில் சேர்வது, போராட்டம் ஆகியவற்றை இந்த இழையில் விட்டுவிடுவோம். அவை எல்லாருக்கும் தெரிந்தவை. சட்டமோ விதியோ குடிமக்களுக்குத் திறந்து வைத்திருக்கும் கதவுகளைப் பற்றிக் கேட்கிறேன்: எழுத்துமூலக் கருத்து, மனு, பங்கேற்பு பட்ஜெட், குலுக்கலில் ஆள் எடுக்கும் குடிமக்கள் மன்றம். இவற்றில் எது எதற்குப் பொருந்தும்? வழக்கறிஞர் துணையோ பண வசதியோ இல்லாத ஒரு சின்னக் குழு எங்கே தொடங்கலாம்? எங்கே சறுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த நாட்டு உதாரணமானாலும் சரி.

கோப்புப்புழு:

உங்கள் கருத்து நல்லதா, எத்தனை பேருடையது என்பதெல்லாம் இரண்டாவது கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது, அதைப் படித்துவிட்டு எழுத்தில் பதில் சொல்லும் கடமை யாருக்காவது இருக்கிறதா என்பது. கடமை இருந்தால் ஒரே ஒரு பக்கம் ஒரு திட்டத்தை நிறுத்தி வைக்கும். இல்லாவிட்டால் லட்சம் கையெழுத்தும் கிணற்றில் போட்ட கல்தான்.

இந்தக் கடமை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1946-ன் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, விதி வகுக்கும் துறை வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும்; முக்கியமான ஆட்சேபங்களுக்கு இறுதி விதியில் பதில் இல்லையென்றால் நீதிமன்றம் அந்த விதியையே தள்ளிவிடலாம். இங்கிலாந்தில் 1985-ன் கன்னிங் வழக்கிலிருந்து நாலு அளவுகோல் புழக்கத்தில் இருக்கின்றன. திட்டம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும்; மக்கள் யோசித்துப் பதில் சொல்லப் போதுமான காரணங்களைத் தந்திருக்க வேண்டும்; போதிய அவகாசம் வேண்டும்; வந்த கருத்துகளை மெய்யாகவே பரிசீலித்திருக்க வேண்டும். 2014-ல் லண்டனின் ஹாரிங்கே உள்ளாட்சி மன்றம் நடத்திய கருத்துக் கேட்பைப் பற்றிய வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் இவற்றை ஏற்றுக்கொண்டது. அந்தக் கருத்துக் கேட்பு அடிபட்டதற்குக் காரணம், உள்ளாட்சி மன்றம் வேறு என்னென்ன வழிகளைக் கைவிட்டது, ஏன் கைவிட்டது என்பதை மக்களிடம் சொல்லாமல், வேறு வழியே இல்லாததுபோலக் காட்டியது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். "பரிசீலித்த மாற்று வழிகள் எவை?" என்ற ஒற்றைக் கேள்வி எந்த நாட்டிலும் வேலை செய்யும்.

இந்தியாவில் 2014-ன் சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை, மத்திய அரசின் சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் வெளியில் வைக்கச் சொல்கிறது. ஆனால் அது கொள்கை, சட்டமல்ல. மீறினாலும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அதைவிட உறுதியான பிடி தகவல் உரிமைச் சட்டம் 2005-ன் 4(1)(இ) பிரிவு: மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது தொடர்புடைய உண்மைகள் அனைத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது.

சரி, 30 நாளை எப்படிச் செலவிடுவது?

முதல் மூன்று நாளில் கருத்து எழுதாதீர்கள், ஆவணத்தைச் சேகரியுங்கள். வரைவு மட்டும் போதாது. செலவு மதிப்பீடு, வரைபடம், வரைவு எந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறதோ அந்த ஆய்வு, கைவிட்ட மாற்றுகளின் பட்டியல், நிதி எந்தத் தலைப்பிலிருந்து வருகிறது என்ற குறிப்பு. இவற்றில் ஒன்றிரண்டு பெரும்பாலும் வெளியில் இருக்காது. தகவல் உரிமையில் கேட்டால் பதிலுக்கு 30 நாள் எடுத்துக்கொள்ளலாம் என்றால் கருத்துக் கெடு அதற்குள் முடிந்துவிடும். அதனால் இரண்டு தாள்களை ஒரே நாளில் அனுப்புங்கள். ஒன்று தகவல் கோரிக்கை. மற்றது கருத்துக் கேட்கும் அலுவலருக்கு: "இன்ன ஆவணம் இல்லாமல் வரைவின் 5-ம் பத்தியை மதிப்பிட முடியாது, அது வெளியான நாளிலிருந்து 30 நாள் அவகாசம் வேண்டும்." இந்த இரண்டாவது தாளுக்குப் பதில் வராவிட்டாலும் அது கோப்பில் ஏறிவிடும். பின்னால் மேல்முறையீடு, வழக்கு என்று போனால் முதலில் புரட்டப்படுவது அந்தப் பக்கம்தான்.

அடுத்து, அளவெடுங்கள். "நெரிசல் அதிகம்" என்று எழுதினால் "குறித்துக்கொள்ளப்பட்டது" என்று முடித்துவிடுவார்கள். சாலை, நடைபாதை சார்ந்த விஷயம் என்றால் வாரத்தின் நடுவில் ஒரு வேலை நாள், ஒரு விடுமுறை நாள், காலையும் மாலையும் இரண்டிரண்டு மணி நேரம், பக்கத்துக்கு இருவர், 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம் போட்ட தாள். இருவர் எண்ணிக்கையும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபட்டால் அந்த நேரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எண்ணுங்கள். எண்ணிய இடத்தையும் முறையையும் தாளின் தலையில் எழுதாவிட்டால் முழு உழைப்பும் வீண்.

கருத்தை இப்படி எழுதலாம் (கற்பனை மாதிரி):

> கோப்பு எண், தேதி.
> பிரிவு 7(2): "சாலையின் ஒரு பக்கத்தில் நடைபாதை அமைக்கப்படும்."
> ஆட்சேபம்: இணைப்பு 1-ன் எண்ணிக்கைப்படி இரு பக்கமும் ஏறக்குறைய சம அளவில் மக்கள் நடக்கிறார்கள். வரைவின் ஆய்வு கிழக்குப் பக்கத்தை மட்டும் எண்ணியிருக்கிறது (ஆய்வு, பக்கம் 14).
> மாற்று வாசகம்: "சாலையின் இரு பக்கமும் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலத்தில் நடைபாதை அமைக்கப்படும்."
> மாற்றத்தின் செலவு: இணைப்பு 2.

மாற்று வாசகம்தான் இதில் உயிர். பதில் தயாரிக்கும் அலுவலருக்கு முன்னால் ஓர் அட்டவணை இருக்கும்: கருத்து, துறையின் பதில், மாற்றம் உண்டா இல்லையா. நேரே ஒட்டக்கூடிய ஒரு வாக்கியத்தை நீங்களே தந்துவிட்டால் "உண்டு" என்று எழுதுவது அவருக்கு எளிது. வரைவைத் திட்டி எட்டுப் பக்கம் எழுதினால் அந்த எட்டுப் பக்கத்தையும் ஒரே வரியில் சுருக்க வேண்டிய வேலை அவர் தலையில் விழும், அவர் எப்படிச் சுருக்குவார் என்பது உங்கள் கையில் இல்லை.

ஒரு கடிதத்தில் ஒரு விஷயம். ஐந்து ஆட்சேபங்களை ஒன்றாக அனுப்பினால் முதல் ஒன்றை மட்டும் பதிந்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவது சாதாரணம். இன்னொரு பொறி அதிகார எல்லை: நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தமான சாலையை மாற்றச் சொல்லி நகராட்சியிடம் கேட்டால், "எங்கள் வரம்புக்கு உட்பட்டதல்ல" என்ற ஒற்றை வரியில் முடிந்தது. நில உடைமை யாரிடம் என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். கடைசி நாள் மாலை இணையப் படிவம் திணறுவதும், இணைப்பின் அளவு கூடி மின்னஞ்சல் திரும்பி வருவதும் எங்கும் உள்ளதுதான். மூன்று நாள் முன்னதாக அனுப்பி ஒப்புகை எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைவரி:

கோப்புப்புழு சொன்னதோடு மனு, கையெழுத்து இயக்கம் பற்றிச் சேர்க்கிறேன். மக்கள் முதலில் ஓடுவது இதற்குத்தான், அதிகம் வீணாவதும் இதில்தான்.

கையெழுத்துகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, இத்தனை சேர்ந்தால் இன்னது நடந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்வது. சுவிட்சர்லாந்தில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்துக்கு எதிராக 100 நாளில் 50,000 கையெழுத்துச் சேர்ந்தால் அது பொதுவாக்கெடுப்புக்குப் போகும். அரசியலமைப்பில் திருத்தம் கேட்க 18 மாதத்தில் 1,00,000. அந்தத் திருத்தம் வெல்ல வாக்கெடுப்பில் மக்களில் பெரும்பான்மை, மாநிலங்களில் பெரும்பான்மை இரண்டும் வேண்டும். இங்கே கையெழுத்து ஒரு சாவி.

மற்றது, பதில் மட்டும் கிடைப்பது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற இணைய மனு 10,000 தொட்டால் அரசு பதில் எழுதும். 1,00,000 தொட்டால் விவாதத்துக்கு எடுக்கலாமா என்று பரிசீலிப்பார்கள். தைவானின் 'ஜாயின்' தளத்தில் 60 நாளில் 5,000 பேர் ஆதரித்தால் சம்பந்தப்பட்ட துறை இரண்டு மாதத்தில் பதில் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் முன்முயற்சிக்குப் பத்து லட்சம் கையெழுத்து, குறைந்தது 7 உறுப்பு நாடுகளில் குறிப்பிட்ட அளவு, 12 மாதம். அத்தனையும் சேர்த்தாலும் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஆணையம் பதில் தந்தால் போதும், சட்டம் கொண்டுவரத் தேவையில்லை. அதில் முதலில் வென்றது தண்ணீர் உரிமை பற்றியது. 16 லட்சத்துக்கு மேல் செல்லுபடியான கையெழுத்து. ஆணையத்தின் பதில் 2014-ல் வந்தது, திருத்திய குடிநீர் நெறிமுறை 2020-ல். ஆறு வருட இடைவெளி. இந்த வகைக் கையெழுத்து சாவியல்ல, அழைப்புமணி. அடித்துவிட்டு வாசலில் நிற்க ஆள் இருக்க வேண்டும்.

எது எந்தச் சாதி என்று விதியைப் படித்துவிட்டு இறங்குங்கள். தனியார் மனுத் தளங்களில் சேர்ப்பவை பெரும்பாலும் இரண்டிலும் சேராது. செய்தியாளர் காதுக்குப் போகும், கோப்பில் ஏறாது.

தாளில் சேர்க்கிறீர்கள் என்றால் தேவைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேருங்கள். வாக்காளர் பட்டியலில் இல்லாதவர், இரண்டு முறை போட்டவர், கணவர் மனைவிக்கும் சேர்த்துப் போட்டது, படிக்க முடியாத கையெழுத்து என்று கழிந்துகொண்டே போகும். சுவிட்சர்லாந்தில் ஒரு தாளில் ஒரே உள்ளாட்சிப் பகுதிக்காரர்கள்தான் கையெழுத்திட வேண்டும், ஏனென்றால் அந்தந்த உள்ளாட்சிதான் பட்டியலோடு ஒப்பிட்டுச் சான்று தரும். அங்கே கலந்துகட்டிச் சேர்த்தால் தாள் தாளாகப் போகும்.

நகல் கடிதங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2017-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் இணையச் சமவாய்ப்பு விதியில் (எல்லா இணையத் தளங்களையும் சேவை நிறுவனங்கள் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பது) கருத்துக் கேட்டபோது 2.2 கோடிக்கு மேல் குவிந்தது. அவற்றில் ஏறக்குறைய 1.8 கோடி போலி என்று நியூயார்க் அட்டர்னி ஜெனரலின் விசாரணை 2021-ல் கண்டது. இப்படி வெள்ளம் வந்தால் துறை ஒரே மாதிரி வாசகங்களையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு பதில் எழுதும். உங்கள் ஆயிரம் நகல் ஒரு கருத்துதான். ஆயிரம் பேர் தயாராக இருந்தால், அவர்களில் நாற்பது பேரை ஆளுக்கொரு பிரிவாக, ஆளுக்கொரு பாதிப்பாக எழுதச் சொல்லுங்கள்.

ஐந்தொகை:

பங்கேற்பு பட்ஜெட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இது மேலே சொன்னவற்றிலிருந்து வேறு. ஏற்கெனவே எழுதிய வரைவுக்கு எதிர்வினை ஆற்றுவதல்ல, ஒரு தொகையை ஒதுக்கி "இதில் என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்" என்பது. 1989-ல் பிரேசிலின் போர்டோ அலெக்ரே நகரில் தொடங்கியது. அங்கே குடிநீர் இணைப்புள்ள வீடுகள் ஏறக்குறைய முக்கால் பங்கிலிருந்து பத்தாண்டுக்குள் 98 சதவீதத்துக்குப் போனதில் இதற்குப் பங்குண்டு என்பார்கள். ஆனால் அதே நகரில் 2017-ல் இதை நிறுத்தி வைத்தார்கள். ஆட்சி மாறினால் காணாமல் போகும் அளவுக்கு மெல்லிய நூலில் தொங்கியது. போலந்து இதைச் சட்டத்திலேயே வைத்தது: 2018 திருத்தத்தின்படி மாவட்டத் தகுதியுள்ள நகரங்கள் செலவில் குறைந்தது 0.5 சதவீதத்தை இதற்கு ஒதுக்கியாக வேண்டும். தொகை சிறியது, ஆனால் மேயருக்கு மனமில்லை என்று கைவிட முடியாது.

யோசனைகள் எங்கே விழுகின்றன? வாக்கெடுப்பில் அல்ல, அதற்கு முந்தைய தொழில்நுட்பச் சல்லடையில். நிலம் நகராட்சியுடையதல்ல. ஒருமுறைச் செலவுக்கான பணத்தில் சம்பளம் போன்ற தொடர்செலவைக் கேட்டது. மதிப்பீட்டில் வரி, வடிவமைப்புக் கட்டணம், எதிர்பாராச் செலவு விட்டுப்போனது. பராமரிப்பு யார் தலையில் என்று எழுதாதது. யோசனையைக் கொடுக்கும் முன் பொறியாளரிடம் ஒரு பக்க மதிப்பீட்டைக் காட்டி "எந்த வரி விடுபட்டது?" என்று கேட்டுவிடுங்கள். "இது நல்ல யோசனையா?" என்று கேட்டால் உருப்படியான பதில் வராது.

அடுத்தது வாக்கை எண்ணும் முறை. இதை யாரும் கவனிப்பதில்லை, எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஒரு கணக்குப் போடுகிறேன். மொத்தம் 100 அலகு பணம், 100 வாக்காளர்கள். வடக்கே 60 பேர், தெற்கே 40 பேர். வடக்கும் தெற்கும் ஐந்தைந்து திட்டங்களை முன்வைக்கின்றன, ஒவ்வொன்றும் 20 அலகு. அவரவர் தம் பக்கத்து ஐந்துக்கும் வாக்களிக்கிறார்கள். அதிக வாக்கு வாங்கியதிலிருந்து வரிசையாக எடுக்கும் வழக்கமான முறையில், வடக்கின் ஐந்துக்கும் தலா 60 வாக்கு, தெற்கின் ஐந்துக்கும் தலா 40. பணம் முழுக்க வடக்குக்கு. தெற்கின் 40 பேருக்கு ஒரு பைசாகூட இல்லை.

சமபங்கு முறையில் ஆளுக்கு 1 அலகு என்று முதலிலேயே பிரித்துவிடுகிறோம். ஒரு திட்டத்துக்கு வாக்களித்தவர்கள் தங்கள் பங்கிலிருந்து அதன் செலவைக் கட்ட வேண்டும். வடக்கில் 60 அலகு, மூன்று திட்டம். தெற்கில் 40 அலகு, இரண்டு திட்டம். அதே வாக்குச்சீட்டு, அதே வாக்குகள், முடிவு மட்டும் வேறு. 2023-ல் போலந்தின் வியெலிச்கா, சுவிட்சர்லாந்தின் ஆராவ் ஆகிய நகரங்கள் இந்த முறையைப் பயன்படுத்தின. குறையும் உண்டு: பங்குகள் துண்டு துண்டாக மிஞ்சிப் பணம் முழுதும் செலவாகாமல் நிற்கலாம், அந்த மிச்சத்தை எப்படிப் பங்கிடுவது என்ற விதியை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இந்த முறையை எதிர்ப்பவர்கள் "மக்களுக்குப் புரியாது" என்பார்கள். மேலே இருக்கும் கணக்கைக் காட்டுங்கள், பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

பிறகு, வென்ற திட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்ற பொதுப்பட்டியல் இல்லாமல் இரண்டாம் சுற்றுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். முதல் சுற்றில் வென்றது கட்டப்படாமல் கிடக்க அடுத்த சுற்று அறிவிப்பு வந்தால் ஆட்கள் வரமாட்டார்கள். வராததைக் காரணம் காட்டியே நிறுத்துவதும் நடக்கும்.

குடவோலை:

கோப்புப்புழுவின் வழிகாட்டல் அருமை, ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. பத்தி எண் போட்டு மாற்று வாசகம் எழுத யாருக்கு நேரம் இருக்கிறது? படித்தவர், ஓய்வு பெற்றவர், சொந்த வீடும் அதன் மதிப்பும் உள்ளவர். இரண்டு வேலை பார்க்கும் தாய் எழுதமாட்டார். அதனால் கோப்பில் ஏறுவது "மக்கள் கருத்து" அல்ல, எழுத வாய்த்தவர்களின் கருத்து. குலுக்கல் முறை அடைக்கப் பார்ப்பது இந்த ஓட்டையைத்தான்.

என் புனைபெயரைப் பார்த்து உத்திரமேரூரைப் பற்றிப் பெருமை பேசப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 கல்வெட்டுகளில் ஓலை போட்டு எடுக்கும் முறை துல்லியமாக எழுதப்பட்டிருக்கிறது, உண்மை. ஆனால் அது பிராமண சபை. கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேதக் கல்வி எல்லாம் இருந்தால்தான் பெயர் குடத்தில் விழும். அதில் இன்றைக்கும் எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்று: முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் தகுதியிழப்பார்கள்.

இன்றைய மன்றம் இப்படி நடக்கும். 50 பேர் வேண்டுமென்றால் குலுக்கிப் பத்தாயிரம் முகவரிகளுக்குக் கடிதம். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் சம்மதித்தால் 300 முதல் 500 பேர் கையில் இருப்பார்கள். அவர்களிலிருந்து வயது, பாலினம், வட்டாரம், படிப்பு ஆகியவை மக்கள்தொகைக் கணக்கோடு பொருந்தும்படி இரண்டாவது குலுக்கல். படிப்பை விட்டுவிடாதீர்கள். சம்மதிப்பவர்களில் பட்டதாரிகள் எப்போதும் கூடுதல், அந்தத் தடுப்பு இல்லாவிட்டால் மன்றம் ஆசிரியர் கூட்டம்போல ஆகிவிடும். நாட்படி, பயணச் செலவு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், இவை மூன்றும் இல்லாவிட்டால் குலுக்கலே பொய். நேரில் குறைந்தது நாலு முழு நாள் வேண்டும் என்பது, பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஈசிடி 2020-ல் சேர்த்த நல்வழக்கங்களில் ஒன்று. ஒரே சனிக்கிழமையில் முடிப்பதை மன்றம் என்று சொல்லாதீர்கள்.

அயர்லாந்தில் 99 குடிமக்களும் ஒரு தலைவரும் கொண்ட மன்றம் 2016 முதல் 2018 வரை நடந்தது. கருக்கலைப்புத் தடையை மாற்றச் சொன்ன அதன் பரிந்துரை நாடாளுமன்றக் குழுவுக்குப் போய், 2018 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் 66.4 சதவீத ஆதரவோடு வென்றது. அதிலும் ஒரு கோளாறு உண்டு. 2018-ன் தொடக்கத்தில் மாற்று உறுப்பினர்களாக வந்தவர்களில் 7 பேரை, ஆள் சேர்க்கும் வேலையில் இருந்த ஒருவர் குலுக்கல் இல்லாமல் தெரிந்தவர்கள் வழியாகப் பிடித்திருந்தது தெரியவந்தது. கருக்கலைப்பு பற்றி மன்றத்துக்குள் நடந்த வாக்கு அதற்கு முன்பே முடிந்திருந்ததால் அது தப்பித்தது. ஆள் எடுக்கும் முறையை வெளியார் ஒருவர் தணிக்கை செய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

பரிந்துரைக்கு அப்புறம் என்ன என்பதை முதல் நாளே எழுதி வாங்காவிட்டால் கதை வேறு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2004-ல் 160 குடிமக்கள் புதிய தேர்தல் முறையைப் பரிந்துரைத்தார்கள். 2005 வாக்கெடுப்பில் 57.7 சதவீதம் ஆதரவு. அரசு முன்பே வைத்திருந்த வரம்பு 60. முடிந்தது. பிரான்சின் காலநிலை மன்றத்தில் 150 பேர் 149 யோசனைகள் தந்தார்கள். வடிகட்டாமல் அனுப்புவேன் என்றிருந்த அதிபர் மூன்றை உடனே தள்ளினார், மற்றவற்றில் பலவும் போகப் போக நீர்த்தன. ஐஸ்லாந்தில் மக்கள் பங்கேற்போடு எழுதிய அரசியலமைப்பு வரைவுக்கு 2012-ல் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்தும் நாடாளுமன்றத்தில் நின்றுபோனது. பெல்ஜியத்தின் ஜெர்மன் பேசும் பகுதி 2019-ல் செய்தது இதைவிடப் புத்திசாலித்தனம்: 24 பேர் கொண்ட நிரந்தரக் குலுக்கல் மன்றம், அடுத்து எதை விவாதிப்பது என்பதை அதுவே தீர்மானிக்கும், அந்தத் தலைப்புக்கெனத் தனியாகக் குலுக்கி எடுக்கும் மன்றம் தரும் பரிந்துரைகளை நாடாளுமன்றம் எடுத்து விவாதித்தே ஆக வேண்டும்.

எல்லாக் கேள்விக்கும் இது பொருந்தாது. தெருவிளக்கு எங்கே என்பதற்கு இத்தனை ஏற்பாடு வேண்டாம். மதிப்பீடுகள் மோதுகிற, அரசியல்வாதிகள் தொடப் பயப்படுகிற கேள்விக்குத்தான்.

வாசற்படி:

நன்றி. அப்படியானால் சின்னக் குழு மன்றத்தைக் கூட்ட முடியாது, கோரத்தான் முடியும் என்று எடுத்துக்கொள்கிறேன். குடவோலை சொன்ன ஓட்டைக்கு எழுத்துக் கருத்துக்குள்ளேயே ஏதாவது வழி உண்டா? அப்புறம், பொது விசாரணைக் கூட்டம் பற்றி யாரும் சொல்லவில்லையே.

கோப்புப்புழு:

ஓட்டை உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு வழி: எழுதாதவர்களிடம் நீங்கள் போய்க் கேட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி, படித்துக் காட்டி, அவர் பெயரில் தனிக் கருத்தாகக் கொடுப்பது. உங்கள் கடிதத்தில் "பலர் கூறினர்" என்று சேர்த்தால் அது உங்கள் கருத்தாகவே பதியும். கேட்கும்போது திட்டத்தை விளக்கிவிட்டு "ஆதரவா எதிர்ப்பா" என்று கேட்காதீர்கள். "இந்த இடத்தை எப்போது, எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேளுங்கள். கோப்பில் இல்லாத தகவல் அங்கிருந்துதான் வரும்.

கூட்டம் பற்றி நடுப்பக்கம் சொல்லட்டும், அவருடைய வட்டாரம் அது.

நடுப்பக்கம்:

கூட்டத்தில் பேசுவது முக்கியமல்ல, பேசியது நடவடிக்கைக் குறிப்பில் எப்படி ஏறுகிறது என்பதுதான் முக்கியம். பேசப் போகும் மூன்று நிமிடத்தை முன்கூட்டியே தாளில் எழுதி, பேசி முடித்ததும் மேடையில் கொடுத்து, இன்னொரு படியில் ஒப்புகை வாங்குங்கள். இந்தியாவில் 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொது விசாரணைக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், முழுதும் வீடியோ எடுக்க வேண்டும், நடவடிக்கைச் சுருக்கத்தைக் கூட்டத்தின் முடிவில் உள்ளூர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். ஆட்கள் கலையும் நேரம் அது. இருவரைக் கடைசிவரை உட்கார வையுங்கள். சுருக்கத்தில் உங்கள் ஆட்சேபம் விடுபட்டால் அங்கேயே எழுந்து சொல்லித் திருத்தச் சொல்ல வேண்டும், மறுநாள் சொல்வதற்கு எடையில்லை. குறைந்தபட்ச வருகை என்ற நிபந்தனை அங்கே கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். "புறக்கணிப்போம்" என்று வெளியே நின்றால் உள்ளே கூட்டம் சட்டப்படி நடந்து முடிந்துவிடும்.

ஐந்தாறு பேர் ஒரே விஷயத்தை மாற்றி மாற்றிச் சொல்வது வீண். பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் தண்ணீர், ஒருவர் போக்குவரத்து, ஒருவர் கைவிட்ட மாற்று வழிகள், ஒருவர் அவகாசமும் ஆவணமும். முன்வரிசையை அழைத்து வந்த ஆட்களால் நிரப்புவது பழைய வித்தை. பேசுவோர் பட்டியலில் பெயர் பதியும் நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள்.

கருத்துக் கேட்பு, ஒப்புதல் கேட்பு என்ற வேறுபாட்டையும் பாருங்கள். பெரும்பாலான விசாரணைகள் முதல் வகை: கேட்டுக்கொள்வார்கள், முடிவு அவர்களுடையது. இரண்டாவது வகை அரிது. ஒடிசாவின் நியமகிரியில் 2013-ல் உச்ச நீதிமன்றம் வன உரிமைச் சட்டம் 2006-ன் அடிப்படையில் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. 12 சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன, 2014 ஜனவரியில் மத்திய அமைச்சகமும் அனுமதி மறுத்தது. அங்கே சபையின் தீர்மானப் புத்தகமே ஆயுதம். உங்கள் விஷயத்தில் எந்தச் சட்டமாவது "ஒப்புதல்" என்ற நிபந்தனையை வைத்திருக்கிறதா என்று பாருங்கள். வைத்திருந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதில் இறங்குங்கள்.

இறுதி ஆணை வந்த அன்றே மூன்று காரியம்: கருத்து-பதில் அட்டவணையைக் கேட்டு வாங்குவது, உங்கள் ஒப்புகை எண்கள் அதில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுவது, மேல்முறையீட்டுக் கெடுவை நாட்காட்டியில் குறிப்பது. கெடு பல இடங்களில் நினைப்பதைவிடக் குறைவு. இங்கிலாந்தில் கட்டுமானத் திட்ட அனுமதியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க 6 வாரம்தான். அட்டவணை வரட்டும் என்று காத்திருந்தால் அது முடிந்துபோகும். அதனால் விண்ணப்பத்தின் வரைவை ஆணை வருவதற்கு முன்பே எழுதி வைத்து, ஆணை எண்ணையும் தேதியையும் மட்டும் காலியாக விட்டு வையுங்கள்.